தன்வளர்ச்சியும் தொடர்கற்றலும்: பிரெஞ்சுச் சொல்வழக்கில் ஒரு வரலாற்று நோக்கு (1580–2019)

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் தம் வளர்ச்சியையும் வாழ்நாள் முழுவதும் தொடரும் கற்றலையும் பற்றிப் பிரெஞ்சு மொழியில் பேசும்போது கையாளும் சொற்கள் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. தத்துவம், புரட்சி, தொழிலாளர் இயக்கம், சட்டம், சந்தை ஆகியவற்றின் வழியே அவை வந்து சேர்ந்துள்ளன. மொந்தேன் முதல் 2018ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் நடைமுறையும் வரை இச்சொற்கள் அடைந்த மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கற்றலுக்கான நேரத்தையும் செலவையும் யார் தர வேண்டும் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையே அவ்வக்காலச் சொல்லின் பொருளைத் தீர்மானித்தது என்பது இதன் கருதுகோள். கொந்தோர்சேயிடம் ஒன்றாக இருந்த தன்வளர்ச்சியும் தொடர்கற்றலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டாகப் பிரிந்தன. அப்பிரிவின் விளைவும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தன்வளர்ச்சி, தொடர்கற்றல், நிலைத்த கல்வி, கொந்தோர்சே, ழாக்கொத்தோ, தொழிலாளர் கல்வி, பிரான்சு.

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்பவர் விரைவில் எதிர்கொள்ளும் பேச்சுப் பொருள்களுள் ஒன்று அவரைப் பற்றியதே. ஏன் கற்கிறீர்கள், இதுவரை எதைக் கற்றீர்கள், இனி என்னவாக விரும்புகிறீர்கள் என்னும் வினாக்கள் பாடநூலிலும் நேர்காணலிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. பிரெஞ்சு கற்கும் தமிழருக்கும் இவ்வினாக்கள் புதியவை அல்ல. ஆனால் விடை கூறத் தொடங்கியதும் ஒரு தடை எழுகிறது. தமிழில் 'கற்றல்', 'வளர்தல்' எனும் இரு சொற்களால் சொல்லிவிடக்கூடிய செய்திக்குப் பிரெஞ்சில் ஐந்தாறு சொற்கள் வரிசையாக நிற்கின்றன. அகராதி அவற்றை ஒருபொருட் பன்மொழிகள் போலக் காட்டலாம். வரலாறு அவ்வாறு காட்டவில்லை.

பிரெஞ்சுக் கல்வி வரலாற்றில் 'ஏன்ஸ்த்ருக்சியோன்' (அறிவூட்டல்), 'எதுகாசியோன்' (கல்வி, வளர்ப்பு), 'ஃபொர்மாசியோன்' (உருவாக்கம், பயிற்சி), 'கொம்பெத்தான்ஸ்' (செயல்திறன்) ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மேலோங்கிய சொற்கள். ஒவ்வொன்றின் எழுச்சிக்கும் அரசியல் காரணம் உண்டு. இச்சொற்களை வெறும் மொழிப்பொருளாகக் கொள்ளாமல் வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லமைப்பு: கற்பவரும் கற்பிப்பவரும்

வரலாற்றுக்குள் நுழையும் முன் இரண்டு மொழியியல் செய்திகளைக் குறிப்பிடுதல் வேண்டும். முதலாவது, 'அப்ராந்த்ர்' என்னும் வினை. கைக்கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல் 'கற்றல்' என்னும் பொருளையே முதன்மையாகத் தருகிறது. எனினும் 'ஒருவருக்கு' என்னும் நான்காம் வேற்றுமைப் பொருளுடைய பெயரை அதனுடன் சேர்த்தால் அதே வினை 'கற்பித்தல்' என்றாகிவிடும். தமிழ் இவ்விரண்டையும் தன்வினை, பிறவினை வடிவங்களால் வேறுபடுத்துகிறது. கல், கற்பி என்பன ஒரு வேரின் இரு கிளைகள். பிரெஞ்சிலோ ஒரே வினை இருபக்கமும் நிற்கிறது. கற்பவர் யார், கற்பிப்பவர் யார் என்பதைத் தொடரமைப்பே தெரிவிக்கிறது.

இரண்டாவது, தற்சுட்டு வினைகள். தன்வளர்ச்சி குறித்துப் பேசும் பிரெஞ்சுச் சொற்களுள் பல 'ஸ' என்னும் தற்சுட்டு இடைச்சொல்லைத் தாங்கி வருகின்றன. 'சேன்ஸ்த்ருயிர்' என்றால் தனக்குத்தானே அறிவூட்டிக்கொள்ளுதல். 'ஸ குல்திவே' என்றால் தன்னைப் பண்படுத்திக்கொள்ளுதல். 'ஸ ஃபொர்மே' என்றால் தன்னை உருவாக்கிக்கொள்ளுதல். 'செபானுயிர்' என்றால் மலர்தல். தமிழில் 'கொள்' என்னும் துணைவினை செய்யும் பணியை இந்த இடைச்சொல் பெரும்பாலும் செய்கிறது. நிலத்தை உழுது பயிர்செய்தலிலிருந்து பிறந்த 'குல்திவே' என்னும் சொல்லுக்கு, நிலத்துக்கும் மனத்துக்கும் பொதுவாக வழங்கும் 'பண்படுத்துதல்' என்னும் தமிழ்ச்சொல் இயல்பான இணையாக அமைகிறது.

இவ்வடிவங்களில் வினை செய்பவரும் வினையின் பயனை ஏற்பவரும் ஒருவரே. அதனால் கற்றல் என்பது தனிமனிதர் தம் விருப்பத்தால் தமக்கே செய்துகொள்ளும் செயல் என்ற தோற்றம் உண்டாகிறது. நூலை யார் தந்தார், விளக்கை யார் ஏற்றினார், வேலையிலிருந்து யார் விடுவித்தார் என்பனவற்றை வினைவடிவம் சொல்வதில்லை. அவ்விடைவெளியை நிரப்பிய முயற்சிகளையே பின்வரும் பகுதிகள் காட்டுகின்றன.

2. மொந்தேனும் ரூசோவும்

மிஷேல் த மொந்தேன் தம் கட்டுரைகளின் முதல் இரு தொகுதிகளை 1580இல் போர்தோ நகரில் வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயரே 'முயற்சிகள்', 'சோதித்துப் பார்த்தல்கள்' என்னும் பொருளுடையது. குழந்தைக் கல்வி பற்றிய அவரது கட்டுரையின் தலைப்பில் 'ஏன்ஸ்தித்துசியோன்' என்னும் சொல் இடம்பெறுகிறது. இன்று நிறுவனம் எனப் பொருள்படும் அச்சொல் அன்று ஒருவரை நிலைநிறுத்தி வளர்த்தலைக் குறித்தது. 1592இல் இறக்கும்வரை அவர் தம் அச்சுநூலின் ஓரங்களில் புதிய பகுதிகளை எழுதிச் சேர்த்தார். முன்பு எழுதியதை நீக்குவதைவிட அதன்மேல் சேர்ப்பதே அவர் வழக்கம். ஒரு மனிதர் தம் வளர்ச்சியைப் பிரெஞ்சில் எழுதிப் பார்த்த தொடக்கக்காலச் சான்றுகளுள் தலையாயது அது. ஆனால் மொந்தேன் நிலவுடைமைப் பெருங்குடியினர். நீதிமன்றப் பதவியைத் துறந்து தம் கோட்டையின் நூலகத்தில் அமர்வதற்குரிய ஓய்வு அவருக்கு இருந்தது. கற்றலுக்கான நேரம் அவரிடம் ஒரு சிக்கலாக எழவில்லை.

ழான்-ழாக் ரூசோ 1755இல் வெளியிட்ட, மனிதரிடையே சமமின்மையின் தோற்றம் பற்றிய நூலில் 'பெர்ஃபெக்திபிலித்தே' என்னும் சொல்லுக்கு மையமான இடம் கொடுத்தார். தன்னை மேம்படுத்திக்கொள்ளும் ஆற்றல் என்பது அதன் பொருள். விலங்கு சில திங்களில் தான் ஆகக்கூடியதாக ஆகிவிடுகிறது. மனிதரோ முடிவின்றி மாறக்கூடியவர் என்பது அவர் கருத்து. அவர் இவ்வாற்றலைப் புகழ்வதற்காக மட்டும் பேசவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மனிதரின் துன்பங்களுக்கும் அதுவே ஊற்று என அவர் அஞ்சினார். வளரும் ஆற்றல் பிறரைவிட மேலோங்கும் ஆசையாகவும் மாறலாம். இன்று தன்வளர்ச்சி பற்றிப் பேசுவோர் ரூசோவின் முதற்பாதியை எடுத்துக்கொண்டு, இந்த ஐயத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

3. கொந்தோர்சே: கடனாகிய கல்வி

ரூசோவின் சொல்லை ஐயத்திலிருந்து நம்பிக்கைக்கு மாற்றியவர் கணிதவியலாளரான கொந்தோர்சே (1743–1794). பொதுக் கல்வி பற்றி 1791இல் அவர் எழுதிய ஐந்து ஆய்வுரைகளைத் தொடர்ந்து, 1792 ஏப்ரல் 20, 21 ஆகிய நாள்களில் சட்டமியற்றும் அவையில் தம் அறிக்கையைப் படித்தார். முதல்நாளிலேயே ஆஸ்திரிய அரசருக்கு எதிராகப் போர் அறிவிக்கப்பட்டது. அறிக்கை வாசிப்பு தடைப்பட்டு மறுநாள் தொடர்ந்தது. அத்திட்டம் சட்டமாகவில்லை.

இவ்வறிக்கையின் மூன்று கருத்துகள் இங்குப் பொருந்துவன. முதலாவது, கல்வி சமுதாயம் குடிமக்களுக்குச் செலுத்த வேண்டிய கடன், அருட்கொடை அன்று. இரண்டாவது, பள்ளியைவிட்டு வெளியேறியதும் கல்வி மக்களைக் கைவிடலாகாது. எல்லா வயதினரையும் அது தழுவ வேண்டும். ஞாயிறுதோறும் ஊர் ஆசிரியர் பெரியவர்களுக்குப் பொதுவகுப்பு நடத்த வேண்டும் என அவர் முன்மொழிந்தார். சிறுவயதில் கற்றது மறந்துபோகும். சட்டங்களும் தொழில்முறைகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே சிறுவேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் அறிவு மழுங்கும் என்பன அதற்கான காரணங்கள். மூன்றாவது, தானே கற்கும் கலையைக் கற்பிக்க வேண்டும். அகராதியில் சொல்லைத் தேடுதல், நூலின் பொருளட்டவணையைப் பயன்படுத்துதல், நிலப்படத்தைப் பின்தொடர்தல், குறிப்பெடுத்தல் ஆகியவற்றை அவர் அதற்கு எடுத்துக்காட்டுகளாகத் தருகிறார்.

இங்கே தன்வளர்ச்சியும் தொடர்கற்றலும் பிரியாத ஒரு பொருள். தானே கற்றல் என்பது தனித்து விடப்படுதல் அன்று. தானே கற்கும் நிலையை அடையச் செய்வதே பொதுக் கல்வியின் கடமை. 'எதுகாசியோன்' என்பதைவிட 'ஏன்ஸ்த்ருக்சியோன்' என்பதை அவர் விரும்பியமைக்கும் காரணம் உண்டு. அரசு அறிவைத் தரலாம். ஆனால் நம்பிக்கைகளையும் உணர்வுகளையும் வார்த்தெடுக்கும் உரிமை அதற்கு இல்லை என அவர் கருதினார். பிரெஞ்சு அமைச்சகம் 'பொது அறிவூட்டல்' என்னும் பெயரிலிருந்து 'தேசியக் கல்வி' என்னும் பெயருக்கு 1932இல்தான் மாறியது என்பதை நோக்க, இச்சொல்வேறுபாடு எத்துணை நீண்ட காலம் உயிர்ப்புடன் இருந்தது என்பது விளங்கும்.

மனித அறிவின் முன்னேற்றம் பற்றிய புகழ்பெற்ற நூலைக் கொந்தோர்சே, கைது ஆணைக்கு அஞ்சிப் பாரிசில் மறைந்து வாழ்ந்தபோது எழுதினார். 1794 மார்ச்சில் பிடிபட்டுச் சிறையில் இறந்தார். நூல் 1795இல் வெளிவந்தது.

4. லூவேனில் ஒரு பிரெஞ்சு வகுப்பு

தானே கற்கும் கலை எதுவரை செல்லும் என்பதற்கு எதிர்பாராத சான்று ஒன்று பிரான்சுக்கு வெளியே, ஒரு பிரெஞ்சு மொழி வகுப்பில் கிடைத்தது. திழோனில் 1770இல் பிறந்த ழோசெஃப் ழாக்கொத்தோ, பூர்போன் மன்னராட்சி மீண்டபின் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1818இல் அன்றைய நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்த லூவேன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கிய ஆசிரியரானார். அவருடைய மாணவர்களுள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு அவர்களுடைய மொழி தெரியாது.

ஃபெனலோன் எழுதிய 'தெலெமாக்' என்னும் கதையின் இருமொழிப் பதிப்பு ஒன்று அப்போது கிடைத்தது. மொழிபெயர்ப்பின் துணையுடன் பிரெஞ்சு மூலத்தைக் கற்குமாறும் திரும்பத் திரும்பச் சொல்லுமாறும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாக அவர் மாணவர்களைக் கேட்டுக்கொண்டார். பின்னர், படித்ததைப் பற்றித் தாங்கள் நினைப்பதைப் பிரெஞ்சில் எழுதுமாறு பணித்தார். இலக்கண விளக்கம் எதையும் அவர் தந்திருக்கவில்லை. மாணவர்களின் எழுத்து அவர் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறப்பாக அமைந்தது. எல்லா மனிதரின் அறிவாற்றலும் சமமே. குறைவது விருப்பமும் கவனமுமே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். தாம் அறியாததையும் ஒருவர் கற்பிக்க முடியும் என வாதிட்டார். 'அனைவர்க்குமான கற்பித்தல்' என்று அவர் பெயரிட்ட இம்முறை 1820களில் பெரும் விவாதத்தை எழுப்பியது. பிறகு மறக்கப்பட்ட அவரை 1987இல் 'அறியாத ஆசிரியர்' என்னும் நூலின் வழியாக மெய்யியலாளர் ழாக் ரான்சியேர் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

ழாக்கொத்தோவின் வகுப்பு இக்கட்டுரைக்கு இருவகையில் இன்றியமையாதது. மாணவர்கள் பிறமொழி ஒன்றில் தம் எண்ணத்தைக் கூறியதே அவர்கள் வளர்ந்தமைக்குச் சான்றாயிற்று. மேலும், ஆசிரியர் ஒன்றும் செய்யவில்லை என்று கொள்வது பிழை. நூலைத் தந்தவரும் பணியை வகுத்தவரும் எழுதியதைச் சரிபார்க்க உட்கார்ந்தவரும் அவரே. விளக்கம் மட்டுமே விலக்கப்பட்டது, துணை விலக்கப்படவில்லை. கற்பதற்கு இருமொழி நூல் ஒன்றும் ஓய்வும் மாணவர்களிடம் இருந்தன. அவை இல்லாதவர்களின் நிலை வேறு.

5. இரவில் கற்றவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளிக்குக் கற்பதற்கு எஞ்சியது இரவே. பிரெஞ்சு அரசு 1848 செப்டம்பரில் ஆலைகளின் வேலைநாளுக்கு விதித்த உச்சவரம்பே 12 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் 1919இல்தான் சட்டமாயிற்று.

கிரெகுவார் பாதிரியாரின் முன்மொழிவால் 1794இல் பாரிசில் நிறுவப்பட்ட தேசியக் கலை-தொழிற்பயிற்சிக் காப்பகம் முதலில் எந்திரங்களையும் மாதிரிகளையும் சேமிக்கும் இடமாக இருந்தது. 1819இல் அங்குப் பொதுமக்களுக்கான இலவச உயர்வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. பொருளியலாளர் ழான்-பத்தீஸ்து சே அங்குக் கற்பித்தோருள் ஒருவர். வேலை செய்வோருக்கான உயர்கல்வியை அந்நிறுவனம் இன்றும் நடத்துகிறது. 1830ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்துப் பொலித்தெக்னிக் பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொழிலாளர்க்கு இலவச வகுப்பு நடத்தச் சங்கம் அமைத்தனர். ஓகுஸ்த் கோந்த் பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு வானியல் கற்பித்தார்.

இவற்றினும் கூர்மையான சான்று மார்த்தேன் நாதோவின் வாழ்வு. க்ரேஸ் பகுதியின் சிற்றூர் ஒன்றில் 1815இல் பிறந்த இவர், 1830இல் தந்தையுடன் பாரிசுக்கு நடந்தே சென்று கொத்தனார்க்குச் சிற்றாளானார். பகலில் கட்டட வேலை, இரவில் படிப்பு. பின்னர்ச் சக கொத்தனார்களுக்கு அவரே மாலை வகுப்பு நடத்தினார். 1849இல் சட்டமன்ற உறுப்பினரானார். 1851ஆம் ஆண்டு ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் இங்கிலாந்தில் அகதியாக வாழ்ந்தபோது பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியராகப் பிழைத்தார். முதுமையில், 1895இல், தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டார். எழுத்தறிவே அரிதாயிருந்த ஊரிலிருந்து வந்த ஒருவர் தம் வளர்ச்சியைத் தாமே பிரெஞ்சில் எழுதி வைத்த ஆவணம் அது.

நாதோ தம் கல்வியைத் தனிமுயற்சியின் வெற்றியாக மட்டும் கண்டவர் அல்லர். கற்றதைச் சக தொழிலாளர்க்குக் கற்பித்ததில் அது தெளிவாகிறது. இப்போக்கு நூற்றாண்டின் இறுதியில் கோட்பாடாக உருப்பெற்றது. தொழிலாளர் மன்றங்களின் கூட்டமைப்புக்கு 1895இல் செயலாளரான ஃபெர்நான் பெலூத்தியே, தொழிலாளிக்கு முதலில் வேண்டுவது தன் துன்பத்தின் காரணங்களை அறியும் அறிவே என்று கருதினார். ட்ரைஃபுஸ் வழக்கு நாட்டைப் பிளந்திருந்த வேளையில், 1899இல், ழோர்ழ் தெஎர்ம் என்னும் தொழிலாளி பாரிசின் சேன்-அந்துவான் புறப்பகுதியில் 'மக்கள் பல்கலைக்கழகம்' ஒன்றைத் திறந்தார். அறிஞரும் கைவினைஞரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். இவ்வியக்கம் நாடெங்கும் பரவி, முதல் உலகப்போருக்குள் பெரிதும் தளர்ந்தது. தொடர்ச்சியற்ற உரைகள் ஒரு காரணம். நாள் முழுதும் உழைத்தவரின் களைப்பு மற்றொன்று.

6. இரவிலிருந்து பகலுக்கு: 1946–1971

கற்றலுக்கான நேரம் தனிமனிதர் தம் உறக்கத்திலிருந்து பறித்துக்கொள்ளும் ஒன்றாக இருக்கக்கூடாது என்னும் எண்ணம் இரண்டாம் உலகப்போருக்குப் பின் வலுப்பெற்றது. 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முகப்புரை, குழந்தைக்கும் பெரியவர்க்கும் அறிவூட்டல், தொழிற்பயிற்சி, பண்பாடு ஆகியவற்றில் சமவாய்ப்பை உறுதிசெய்தது. 'பெரியவர்க்கும்' என்னும் அச்சொல் கொந்தோர்சேயின் கடனை நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் பதிவுசெய்தது. நாசி எதிர்ப்புப் போராட்டத்திலிருந்து வந்தவர்கள் கிரெனோபிலில் நிறுவிய 'மக்களும் பண்பாடும்' என்னும் அமைப்பு, ழோஃப்ர் துமாசெதியேயின் தலைமையில், தெளிவாகச் சிந்திப்பதையும் எடுத்துரைப்பதையும் 'மனப்பயிற்சி' என்னும் முறையால் கற்பித்தது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான பெனிஞோ கசெரெஸ் தச்சுத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரானவர்.

1950களில் 'எதுகாசியோன் பெர்மானாந்த்', அதாவது நிலைத்த கல்வி என்னும் தொடர் பரவத் தொடங்கியது. நான்சி நகரில் பெர்த்ரான் ஷ்வார்ட்ஸ் 1960களில் நடத்திய பணிகள் அதற்கு உருவம் தந்தன. லொரேன் இரும்புச் சுரங்கங்கள் நலிந்துகொண்டிருந்த பகுதியில், தொழிலாளர்களோடு கலந்து பேசி, அவர்களின் தேவையிலிருந்தே வகுப்புகள் உருவாக்கப்பட்டன.

1968 மே மாத வேலைநிறுத்தங்களையடுத்து நடந்த பேச்சுகளின் தொடர்ச்சியாக, 1970 ஜூலையில் முதலாளிகளின் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பயிற்சி குறித்து உடன்பாடு கண்டன. தலைமை அமைச்சர் ஷபான்-தெல்மாசின் ஆலோசகராயிருந்த ழாக் தெலோரின் முயற்சியால் 1971 ஜூலை 16இல் அது சட்டமாயிற்று. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளரை உடைய நிறுவனங்கள் 1972 முதல் தம் ஊதியச் செலவில் 0.8 விழுக்காட்டைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. வேலை நேரத்திலேயே கற்கவும் கற்பதற்காக விடுப்புப் பெறவும் வழி பிறந்தது. நாதோவின் இரவு பகலாயிற்று எனலாம்.

சட்டத்தின் தலைப்பே ஒரு வரலாற்றுச் சான்று. நிலைத்த கல்வி என்னும் கட்டமைப்புக்குள் தொடர் தொழிற்பயிற்சியை ஒழுங்கமைப்பது என்று அது தன்னைக் கூறிக்கொள்கிறது. நிலைத்த கல்வி பெரிய வட்டம். தொழிற்பயிற்சி அதனுள் அடங்கிய சிறு வட்டம். மறு ஆண்டே எட்கார் ஃபோர் தலைமையிலான யுனெஸ்கோ குழு 'ஆவதற்குக் கற்றல்' என்னும் பொருள்படும் தலைப்பில் தன் அறிக்கையை வெளியிட்டது. அங்கும் கற்றலின் இலக்கு வேலை மட்டுமன்று, முழு மனிதர்.

7. பிரிந்த இரு கிளைகள்

பின்வந்த ஆண்டுகளில் பெரிய வட்டம் மெல்ல மறைந்து, சிறிய வட்டமே எஞ்சியது. 1970களின் நடுவிலிருந்து வேலையின்மை பெருகியதும், 'ஃபொர்மாசியோன்' என்பது வேலையைக் காத்துக்கொள்வதற்கும் தேடிக்கொள்வதற்குமான கருவியாயிற்று. 1980களிலிருந்து 'கொம்பெத்தான்ஸ்' என்னும் சொல் நிறுவன நிருவாகத்தில் மேலோங்கியது. தொழிலின் பெயரால் அறியப்பட்ட கொத்தனாரும் தச்சரும் இப்போது திறன்களின் பட்டியலால் அறியப்பட்டனர். பயிற்சியின் பயனும் சமமாகப் பரவவில்லை. முன்பே மிகுதியாகக் கற்றிருந்த மேலாளர்களும் தொழில்நுட்பர்களும் எளிய தொழிலாளரைவிடக் கூடுதலாகப் பயன்பெற்றனர்.

முழு மனிதர் பற்றிய பேச்சு மறையவில்லை, இடம்பெயர்ந்தது. அமெரிக்க உளவியல் இயக்கங்களின் தாக்கத்தால் 'தேவலொப்மான் பெர்சொனெல்', அதாவது தன்வளர்ச்சி என்னும் தொடர் புத்தகக் கடையின் தனிப்பிரிவாக வளர்ந்தது. இதற்குப் பிரெஞ்சு முன்னோடியும் உண்டு. த்ருவா நகரின் மருந்தாளரும் பின்னர் நான்சியில் வாழ்ந்தவருமான எமில் கூவே (1857–1926), தன்னுணர்வோடு செய்யும் தற்கருத்தேற்றத்தைப் போதித்து 1920களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்புகழ் பெற்றார். இன்றைய பிரெஞ்சில் 'கூவே முறை' என்பது மெய்ந்நிலையை மறைத்து நம்பிக்கை ஊட்டிக்கொள்வதை எள்ளும் மரபுத்தொடர். நிலைமையை மாற்றாமல் மனத்தை மட்டும் மாற்றச் சொல்லும் அறிவுரையின்பால் பிரெஞ்சுப் பொதுவழக்கு கொண்ட ஐயத்தை இம்மரபுத்தொடர் காட்டுகிறது. 2018இல் எட்கார் கபானாசும் ஏவா இலூசும் வெளியிட்ட, மகிழ்ச்சியை ஆட்சிமுறையாகக் காணும் நூல் அவ்வையத்தைச் சமூகவியல் வாதமாக முன்வைத்தது.

ஆக, ஒருபுறம் உள்ளம், மறுபுறம் திறன் என இரு சொற்களங்கள் உண்டாயின. கொந்தோர்சே இரண்டையும் பிணைத்த குடிமை என்னும் நூல் அறுந்தது.

8. எடுத்துரைத்தலே தேர்வாகும்போது

2002 ஜனவரி 17ஆம் நாளின் சட்டம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுவது. அனுபவத்தால் பெற்ற அறிவை மதிப்பிட்டுப் பட்டம் வழங்கும் முறையை அது நிறுவியது. பல்லாண்டு முதியோரைப் பேணிய ஒருவர், வகுப்பில் அமராமலே தம் தொழிலுக்குரிய சான்றிதழைக் கோரலாம். வேலையும் ஒரு பள்ளியே எனச் சட்டம் ஏற்றது பெரிய முன்னேற்றம். ஆனால் அதற்கு அவர் தம் பணியை விரிவாக எழுதி, நடுவர் குழுவின்முன் விளக்க வேண்டும். 'நாங்கள் செய்தோம்' என்று பேசிப் பழகியவர் 'நான் செய்தேன்' என எழுதுமாறு அறிவுறுத்தப்படுகிறார். கைக்குத் தெரிந்த வேலையைச் சொல்லாக்குவது தனித்திறன். அத்திறன் இல்லாமையாலேயே பள்ளியில் பின்தங்கியவர் பலர். இவ்வாறு தம் வளர்ச்சியைப் பிரெஞ்சில் எடுத்துரைக்கும் ஆற்றலே தேர்வாகிவிடுகிறது. புலம்பெயர்ந்து வந்து பிரெஞ்சை இரண்டாம் மொழியாகக் கற்றவர்க்கு இத்தடை இருமடங்கு.

2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2015 முதல் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சிக் கணக்கு உண்டாயிற்று. முதலில் அது மணிகளில் கணக்கிடப்பட்டது. தொழில் எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்துக்கானது எனத் தன்னைப் பெயரிட்டுக்கொண்ட 2018 செப்டம்பர் 5ஆம் நாளின் சட்டம், 2019 முதல் அதைப் பணமாக மாற்றியது. முழுநேரப் பணியாளருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 500 யூரோ, உச்சவரம்பு 5,000 யூரோ. வேலைமாறினாலும் கணக்கு ஒருவருடன் செல்லும் என்பது மறுக்கவியலாத நன்மை. எனினும் வேலை நேரத்தில் கற்க முதலாளியின் இசைவு வேண்டும். இசைவின்றிக் கற்க விரும்புபவர் தம் சொந்த நேரத்தில் கற்கலாம். மணியைப் பணமாக்கிய மாற்றத்தில் நேரம் பற்றிய பழைய வினா பின்னுக்குச் சென்றது. பகலான கற்றல் பலருக்கு மீண்டும் இரவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. பிரெஞ்சில் தன்வளர்ச்சியும் தொடர்கற்றலும் தொடக்கத்திலேயே இருவேறு பொருள்களாக இருந்தவை அல்ல. 1792இல் அவை ஒரே கடனின் இரு முகங்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலும் அவ்வுறவின் தடம் உண்டு. பின்னரே ஒன்று திறனாகவும் மற்றொன்று மனநிறைவாகவும் பிரிந்தன. இரண்டாவதாக, அறிவூட்டலிலிருந்து தனிக்கணக்கு வரை சொற்கள் மாறியபோது, கடன்பட்டவரும் மாறினார்: முதலில் சமுதாயம், அடுத்து நாடும் முதலாளியும், இறுதியில் கற்பவரே. மூன்றாவதாக, இம்மாற்றத்தை அளக்கும் தெளிவான அளவுகோல் நேரம். மொந்தேனுக்கு அது குடிப்பிறப்பால் கிடைத்தது. நாதோ உறக்கத்தை இழந்து பெற்றார். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உரிமையாக்க முயன்றது.

தமிழிலும் 'வாழ்நாள் கல்வி', 'ஆளுமை வளர்ச்சி', 'திறன் மேம்பாடு' என்னும் தொடர்கள் இன்று அருகருகே வழங்குகின்றன. அவற்றைப் பிரெஞ்சுக்கோ, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கோ பெயர்ப்பவர், எந்தச் சொல் யாரைக் கடனாளியாக்குகிறது என்பதையும் கருத்திற்கொள்ளுதல் நலம். பிரெஞ்சு கற்கும் மாணவர் 'நான் என்னை உருவாக்கிக்கொள்கிறேன்' என்று அம்மொழியில் கூறும்போது இலக்கணம் அவரைத் தனியராக நிறுத்துகிறது. லூவேன் மாணவர்களின் கையில் ஒரு நூல் இருந்தது. அதை அவர்களிடம் சேர்த்த ஒருவரும் இருந்தார்.